சதீஷுக்கென்று ஒரு மெதுவான செயின்

மாரீஸ்வரியைத் தேடி வருகிறவர்கள் முன்வாசலைத் தட்டுவதில்லை. லயத்து வரிசை வீடுகளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், கோழிக்கூண்டுக்கும் துவைகல்லுக்கும் நடுவில் நின்று, "மெஷினக்கா" என்று குரல் கொடுப்பார்கள். அப்படிக் கூப்பிட அவளிடம் மெஷின் என்று ஒன்றும் கிடையாது. மரம் அறுக்கிற மெஷின் வாளுக்குச் செயின் கட்டிக் கொடுப்பதும், மழுங்கிப்போன செயினுக்குப் பல் தீட்டிக் கொடுப்பதும்தான் அவள் வேலை. வாள் அவரவர் வீட்டில் இருக்கும். இங்கே வருவது செயின் மட்டும். சிலர் அதை அரிசிப் பையில் சுருட்டி எடுத்து வருவார்கள். சிலர் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கறை சட்டையில் இறங்குவது தெரியாமல், கல்யாண மாப்பிள்ளை மாதிரி மேடேறி வருவார்கள்.

வண்டிப்பெரியாரிலிருந்து தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறும் ரோடு எங்கே முடிகிறதோ அங்கே இருக்கிறது அந்த லயம். கடைசி வீடு அவளுடையது. பின்பக்கம் தகரம் இறக்கிய ஒரு சார்ப்பு. ஜன்னல் கட்டையில் அறைந்த பலகை ஒன்றில் செயினைக் கவ்விப் பிடிக்கிற சின்ன வைஸ், ரிவிட்டைத் தட்டி வெளியே தள்ளுகிற கைக்கருவி, புது ரிவிட்டின் தலையை உருட்டி அடைக்கிற இன்னொன்று. ஊறுகாய்ப் பாட்டிலில் உருண்டை அரங்களும் பட்டை அரங்களும் பூங்கொத்து மாதிரி நிற்கும். மேலே ஒரு இரும்புக் குழாயில் புதுச் செயின் பெரிய சுருளாகத் தொங்கும். யாராவது பழைய செயினைக் கொண்டுவந்தால் அதைச் சுருளோடு சேர்த்துப் பிடித்து, கண்ணிக்குக் கண்ணி அளந்து, அந்த இடத்தில் ரிவிட்டைத் தட்டிப் பிரித்து, இரண்டு நுனியையும் கோத்து அடைப்பாள். இடது பல், வலது பல், இடது பல் என்று மாறி மாறி வர வேண்டும். சேர்க்கிற இடத்தில் ஒரே பக்கத்துப் பல் இரண்டு அடுத்தடுத்து வந்துவிட்டால் வாள் மரத்துக்குள் குலுங்கும். எல்லாம் முடிந்ததும் செயினை ஒரு விரலில் மாட்டித் தொங்கவிடுவாள். ரிவிட்டு இறுகிப்போன கண்ணி இருந்தால் அது மட்டும் முட்டியை மடக்காமல் விறைத்து நிற்கும். பிரித்து மறுபடி அடைப்பாள். அது தண்ணீர் மாதிரி வழிந்து தொங்கினால்தான் அவளுக்குத் திருப்தி.

இதை யாரும் உட்கார வைத்து அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் குமுளியில் ஒரு இரும்புக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்துப் பலகைக்குப் பின்னால் நின்றாள். ஆணி, கீல், பூட்டு என்று எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே கட்டிக் கொடுத்த செயின்கள் அறுந்தும் முறுக்கியும் திரும்பி வந்துகொண்டே இருந்தன. செயின் கட்டிய பையன் வேலையை விட்டு ஓடியபோது, திரும்பி வந்ததையெல்லாம் இவள் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் பார்த்தாள். எங்கே தப்பு என்று தெரிந்தபோது, எப்படிச் சரி என்பதும் கையில் வந்திருந்தது.

சதீஷை அவள் பார்த்ததும் அந்தக் கடையில்தான். மரம் ஏறிக் கிளை கழிக்கிற ஆள். ஒல்லி. கடைக்குள் வந்தாலும் காலை அகட்டி, கிளையில் நிற்கிற மாதிரி நிற்பான்.

"செயின் நேராப் போக மாட்டேங்குது. வலது பக்கமா இழுத்துக்கிட்டே போகுது," என்றான்.

அவள் பல்லைத் தடவிப் பார்த்தாள்.

"செயினு ஒழுங்காத்தான் இருக்கு. நீங்கதான் ஒரு பக்கப் பல்லை மட்டும் ஆசையாத் தீட்டுறீக. இன்னொரு பக்கம் என்னா பாவம் பண்ணுச்சு?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் கொண்டுவந்த செயின்களில் ஒரு குறையும் இருக்காது. இருந்தாலும் அவள் பிரித்துச் சேர்த்துக் கொடுப்பாள். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

கல்யாணமாகி முதல் கோடையில் அது நடந்தது. ஒரு ஏலத்தோட்டத்தில் நிழல் மரங்களின் கிளை கழிக்க ஏறியிருந்தான். வாளின் முனை எதிலோ பட்டு, மெஷின் துள்ளிப் பின்னால் வந்து அவன் இடது தோளைக் கிழித்தது. கட்டியிருந்த கயிறு அவனைத் தாங்கிக்கொண்டது. தையல் பிரித்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு, யாரும் பார்க்காதபோது மாரீஸ்வரி அந்த வாளைத் தேடி எடுத்தாள். அதிலிருந்தது அவள் கட்டிய செயின். முந்தின நாள் சாயங்காலம் அவள் தீட்டிக் கொடுத்த பல்.

"முனை பட்டுருச்சு ஈஸ்வரி. அதுக்குச் செயின் என்னா செய்யும்?" என்றான் அவன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கென்று மட்டும் அவள் செயினை வேறு மாதிரி தீட்டினாள்.

ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு உண்டு. மரம் அறுக்கிறவர்கள் அதை மூக்கு என்பார்கள். பல் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று கட்டுப்படுத்துவது அந்த மூக்குதான். பல்லைத் தீட்டத் தீட்டப் பல் தேய்ந்து உயரம் குறையும். அதற்கேற்ப மூக்கையும் பட்டை அரத்தால் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். அளவோடு தாழ்த்தினால் செயின் மரத்தை நன்றாகக் கடிக்கும். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் வெறி பிடித்த மாதிரி பிடுங்கும், துள்ளும். தாழ்த்தாமலே விட்டால் பல் மரத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். மாரீஸ்வரி ஊருக்கெல்லாம் அளவு பார்த்துத் தாழ்த்தினாள். சதீஷின் செயினில் மூக்கைத் தொடவே இல்லை. மற்றபடி பல்லெல்லாம் பளபளவென்று இருக்கும். பார்த்தால் தெரியாது.

தெரிவது தூளில்தான். நன்றாகக் கடிக்கிற செயின் மரத்தைச் சீவல் சீவலாக வெளியே தள்ளும். கடிக்காத செயின் மாவாக அரைக்கும். சதீஷ் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாசற்படியில் உட்காருவான். அவள் துண்டை எடுத்து அவன் தலையையும் காதையும் கழுத்தையும் தட்டிவிடுவாள். முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி மெல்லிய மாவு பறக்கும். அந்த மாவைப் பார்க்கும்போது அவளுக்கு வயிற்றில் ஒரு குளிர்ச்சி. இன்றைக்கும் செயின் யாரையும் கடிக்கவில்லை.

அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. "இந்தச் செயினு ஏன் ஓட மாட்டேங்குது" என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. செயினைக் குறை சொல்லாத மரம்வெட்டி ஒருத்தன் இந்த மலையில் உண்டா என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நிம்மதியாக இருக்கிற இடத்தில் யார் தோண்டிப் பார்க்கிறார்கள்?

இந்த வருசம் கோடை மழை முந்திக்கொண்டது. பெருமழை இறங்குவதற்குள் ஏலத்தோட்டங்களில் நிழல் கழித்து முடிக்க வேண்டும் என்று எல்லாரும் பறந்தார்கள். மகள் யோகப்பிரியா பள்ளிக்கூட லீவுக்குக் கம்பத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். சதீஷ் விடிந்ததும் கிளம்பிவிட்டான். குமுளிக்கு மேலே லிஜி சேச்சியின் தோட்டத்தில் ஒரு ஆஞ்சிலி மரம் கழிக்க வேண்டும். மாரீஸ்வரி அவனுடைய முந்தின நாள் சட்டையை ஊறப்போட எடுத்தாள். பையில் கை விட்டாள்.

விரலில் தட்டுப்பட்டது மாவு அல்ல. தேங்காய்த் துருவல் மாதிரி, நீள நீளமான சீவல். பச்சை மர வாசனை அடித்தது.

சட்டையை உதறினாள். காலர் மடிப்பிலிருந்தும் கை மடிப்பிலிருந்தும் சீவலாக உதிர்ந்தது. துவைகல் மேல் அதைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புருசன் சட்டையில் வேறொருத்தியின் தலைமுடியைப் பார்த்தவள் எப்படி உட்காருவாளோ அப்படி. அவள் கட்டுகிற செயின் இந்த மாதிரி துருவாது. இது வேறு செயின்.

ஆனால் நேற்று அவன் வாளிலிருந்து கழற்றிக் கொடுத்தது அவளுடைய செயின்தானே? இன்று காலை மாட்டிக்கொண்டு போனதும் அவள் கட்டிய இன்னொன்றுதானே? எழுந்து போய்ப் பலகையில் கிடந்ததை எடுத்து மோந்தாள். பச்சை மரம் அறுத்த செயினில் பிசின் பிசுபிசுக்கும். இது வறண்டு கிடந்தது. காய்ந்த விறகின் வாசனை. அவன் தலையிலிருந்து நேற்று அவள் தட்டிய மாவு?

அந்த நேரம் பார்த்துக் கீழே ஜீப் சத்தம் கேட்டது. சின்னமுத்து மேடேறி வந்தான். சதீஷுக்குக் கீழே நின்று கயிறு பிடிக்கிற ஆள். வெட்டுகிற கிளை ஏலச்செடி மேல் விழாமல், கயிற்றில் கட்டி மெதுவாக இறக்குவது அவன் வேலை. முப்பது வயதைத் தாண்டியும் பெண் அமையவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறவன்.

"மதினி, பெரிய வடத்த மறந்துட்டு வந்துட்டோம். எடுத்துக் குடுங்க. லிஜி சேச்சி ஜீப்பக் குடுத்து வெரட்டிவிட்டுருச்சு."

"இங்க வா."

"அவசரம் மதினி."

"இது என்னான்னு சொல்லிட்டுப் போ."

சின்னமுத்து துவைகல்லைப் பார்த்தான். பிறகு கோழிக்கூண்டைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான்.

"மழ வரும்போல இருக்குல்ல?"

"சின்னமுத்து."

"ஏதோ மரத்தூளு மதினி. மரம் வெட்டுறவரு சட்டையில மல்லியப்பூவா இருக்கும்?"

"எம்புட்டு நாளா?"

அவன் வடத்தைத் தேடுகிற மாதிரி குனிந்தான். அவள் வடத்தைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னேன்னு சொல்லக் கூடாது," என்றான் சின்னமுத்து.

"சொல்லு."

"அண்ணன் இங்க இருந்து உங்க செயினத்தான் மாட்டிக்கிட்டு வருவாரு. மரத்துக்கு வந்ததும் கழத்திருவாரு. கடையில வாங்குன பெட்டிச் செயினு ஒண்ணு சாக்குக்குள்ள கெடக்கு. அதத்தான் போட்டு வெட்டுவாரு. சாயங்காலம் மறுபடி உங்க செயின மாட்டி, தோட்டத்துல கெடக்குற காஞ்ச வெறகுல நாலு துண்டு போட்டுக்கிட்டு வருவாரு. மாவு மேல படணும்ல. சட்டைய வேற நல்லா ஒதறுவாரு. நேத்து மழை வருதுன்னு அவசரத்துல ஒதறலபோல."

காய்ந்த விறகின் முன்னால் குனிந்து, தலையில் மாவு படுகிற மாதிரி நின்று அறுக்கிற புருசனை மாரீஸ்வரியால் கண்ணால் பார்க்க முடிந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது.

"எதுக்கு இப்பிடி?"

"நீங்க வருத்தப்படுவீகன்னுதான். உங்க செயின்ல ஒரு கிளை வெட்ட அவரு படுற பாடு எனக்குத்தான தெரியும். அமுக்கி அமுக்கி அறுக்கணும். எறங்கி வந்தா டீக் கிளாஸப் பிடிக்க முடியாது, கை அப்பிடி ஆடும். ஒரு நாளு கிளாஸையே போட்டுட்டாரு. அதுக்கப்புறந்தான் கடைக்குப் போனாரு."

"அந்தப் பெட்டிச் செயினுக்குப் பல்லு யாரு தீட்டுறது?"

"அண்ணந்தான்."

"மூக்கு?"

"அதையும்தான். வேகமா ஓடட்டும்னு ரெண்டு இழுப்பு, மூணு இழுப்பு இழுப்பாரு."

இப்போது அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. சதீஷின் கையை அவளுக்குத் தெரியும். ஒரு பக்கப் பல்லை மட்டும் ஆசையாகத் தீட்டுகிற கை. அவன் மூக்கைத் தாழ்த்தினால் இடதும் வலதும் ஒரே அளவில் இருக்காது. அளவு மீறிய மூக்கோடு, உச்சிக் கிளையில், ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு. வாள் துள்ளினால் இந்தத் தடவை தோளோடு நிற்குமா?

பலகைக்குப் போனாள். வறண்டு கிடந்த தன் செயினை எடுத்தாள். இரண்டு அரம், சின்ன வைஸ், மூக்கு அளக்கிற தகடு. எல்லாவற்றையும் அரிசிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பூட்டினாள்.

"நீங்க எங்க மதினி?"

"வடத்தத் தூக்கு. ஏறு ஜீப்புல."

லிஜி சேச்சியின் தோட்டம் மலைச்சரிவில் இருந்தது. ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, நடக்கிற வழியில் தோளில் ஈரத்தைத் தடவின. மேலேயிருந்து மெஷின் சத்தம் கேட்டது. வடம் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று சின்னக் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தான் சதீஷ். லிஜி சேச்சி முண்டும் முழுக்கைச் சட்டையுமாக ஓடி வந்தாள்.

"அய்யோ, மாரீஸ்வரியோ! என்னா இத்தர திடீர்னு? வீட்டுல எல்லாருக்கும் சுகந்தானே?"

மாரீஸ்வரி உதட்டில் விரல் வைத்தாள். லிஜி சேச்சிக்கும் அந்த முறை தெரியும். மரத்தில் ஆள் இருந்து மெஷின் ஓடும்போது கீழேயிருந்து யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் திரும்புவான். திரும்பினால் வாளும் திரும்பும். பாம்பைக் கண்டாலும் சரி, வீட்டிலிருந்து சாவுச் சேதி வந்தாலும் சரி, மெஷின் நிற்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

அவள் நின்றாள். இத்தனை வருசத்தில் அவன் மேலே நின்று அறுப்பதை அவள் பார்த்ததே இல்லை. செயினைத்தான் பார்த்திருக்கிறாள். ஆஞ்சிலியின் கவட்டையில் ஒரு காலை ஊன்றி, இடுப்புக் கயிற்றில் சாய்ந்து, அவன் வாளைக் கிளையில் வைத்தான். சீவல் பொலபொலவென்று கொட்டியது. பாதியில் வாள் ஒரு தரம் வெடுக்கென்று மேலே எகிறியது. அவன் இடது தோளைச் சுருக்கி அதை அடக்கிக்கொண்டான். மாரீஸ்வரியின் வாய் தானாகத் திறந்தது. பையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அரத்தின் முனை கன்னத்தில் குத்தியது. அவள் அசையவில்லை. கிளை முறிந்து, செடிகள் இல்லாத பள்ளத்தில் விழுந்தது. மெஷின் நின்றது.

"சின்னமுத்து, வடம் வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே சதீஷ் கீழே பார்த்தான். "ஏலேய், பக்கத்துல நிக்கிறது யாரு? எம் பொண்டாட்டி சாடையில இருக்கு?"

"சாடை இல்லண்ணே. ஒரிஜினலு."

சதீஷ் இறங்கி வந்தான். மெஷினைத் தரையில் வைத்தான், வைத்த இடத்தை மறைக்கிற மாதிரி முன்னால் நின்றுகொண்டான்.

"என்னா, சோறு கொண்டாந்தியா?"

"செயின் கொண்டாந்தேன்."

அவன் சின்னமுத்துவைப் பார்த்தான். சின்னமுத்து வடத்தில் இல்லாத முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"கழத்துங்க அத."

அவன் மறுபேச்சில்லாமல் கழற்றினான். சூடாக இருந்தது. முந்தானையைச் சுற்றி வாங்கி, மூக்குகளின் மேல் நகத்தை ஓட்டினாள். இடது பக்கம் போதும் போதாததுமாக இருந்தது. வலது பக்கம் பள்ளம் விழுந்திருந்தது.

"இது என்னா இது? ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் குழி. குமுளி ரோடு தேவலை."

"ஓடுது ஈஸ்வரி."

"ஓடுறது தெரிஞ்சுச்சு. இப்பப் பாத்தேனே எப்பிடித் துள்ளுச்சுன்னு." செயினை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என்கிட்ட ஏன் சொல்லல? உன் செயின் ஆகலன்னு ஒரு வார்த்தை. ஊர்ல இருக்குறவன்லாம் வந்து சண்டை போட்டுட்டுப் போறான். உங்களுக்கு மட்டும் வாயில என்னா?"

சதீஷ் பக்கத்திலிருந்த வேரில் உட்கார்ந்தான். முழங்கையில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டினான்.

"சாயங்காலம் துண்ட எடுத்துத் தட்டுவில்ல. அப்ப உன் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். அதப் போயி எப்பிடிக் கெடுக்குறது?"

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உன் செயினு என்னையக் கடிக்காது ஈஸ்வரி. வாஸ்தவந்தான். மரத்தையும் கடிக்காது. உடம்பு பாரத்த முழுசா மெஷின் மேல போட்டு அமுக்கணும். கிளை சட்டுனு விடும்போது மெஷின் கீழ போகும். அதோட சேந்து நானும் போவேன். ரெண்டு தடவ போயிட்டேன். கயிறு பிடிச்சுச்சு."

லிஜி சேச்சி "என்டம்மோ" என்று நெஞ்சில் கை வைத்தாள். பிறகு இங்கே நிற்பது சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். கட்டன் சாயா போட்டு வருகிறேன் என்று வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மாரீஸ்வரி மடியில் இரண்டு செயினையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிச் செயினை ஒன்றும் செய்ய முடியாது. அரத்தால் இரும்பைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. அவளுடைய செயினில் மூக்கு எல்லாம் புதிது மாதிரி உயர்ந்து நின்றன. இத்தனை நாளும் அவள் தொடாமல் வைத்திருந்தது. அதில்தான் இன்னும் வேலை செய்ய இடம் இருந்தது.

பக்கத்தில் ஒரு அடிக்கட்டை. வைஸின் அடியில் இருந்த கூர்முனையை அதில் வைத்துக் கல்லால் அறைந்தாள். செயினைக் கவ்வினாள். முதலில் உருண்டை அரத்தால் பல்லைத் தீட்டினாள். அது கை பழகிய வேலை, சீக்கிரம் முடிந்தது. பிறகு பட்டை அரத்தை எடுத்தாள். தகட்டை வைத்தாள். முதல் மூக்கின் மேல் அரத்தை வைத்தவள் அப்படியே இருந்தாள்.

"எவ்வளவு எறக்கட்டும்?"

"எல்லாருக்கும் எப்பிடிச் செய்வியோ அப்பிடிச் செய்யி."

"எல்லாருக்கும் செய்யிற மாதிரி உங்களுக்குச் செய்ய வர மாட்டேங்குது."

"அப்ப லிஜி சேச்சி மெஷினுக்குச் செய்யிற மாதிரி செய்யி. அவுகளுக்கு உன் மேல ஒரு குறையும் இல்ல."

சின்னமுத்து வடத்துக்குள் முகத்தை வைத்துச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அரம் மூக்கின் மேலேயே இருந்தது. சதீஷ் அவசரப்படுத்தவில்லை. பீடியைக் கூடப் பற்றவைக்கவில்லை. அவள் பக்கத்தில் வந்து, செயினின் தொங்குகிற பகுதியை ஆடாமல் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான்.

"அன்னைக்கு," என்றாள் அவள். "தோளுல பட்ட அன்னைக்கு. என்னா நடந்துச்சு?"

"சொல்லியிருக்கேனே."

"இப்பச் சொல்லுங்க."

"பட்டக் கிளை ஒண்ணு. இலைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னுச்சு. கட்டவிரல் தண்டிதான் இருக்கும். நான் முன்னால இருக்குறதத்தான் பாத்தேன், பின்னால இருக்குறதப் பாக்கல. முனை அதுல போயி இடிச்சுருச்சு. நல்லாப் பாத்திருந்தா நேரமே அதக் கழிச்சிருப்பேன். இப்பல்லாம் முதல்ல பட்டதத்தான் தேடுறேன். மேல ஏறுனதும் அதுதான் வேல. இவன்கிட்டக் கேளு."

"அது நெசந்தான் மதினி," என்றான் சின்னமுத்து. "எனக்குக் கழுத்து வலிக்கும். ஏறிப் போயி ஒவ்வொரு இலையாத் தூக்கிப் பாத்துக்கிட்டு நிப்பாரு, பேன் பாக்குற மாதிரி."

முனை பட்டது என்று அவன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். அப்போதெல்லாம் அவளுக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சொல்கிறான் என்றுதான் கேட்டிருந்தாள். கட்டைவிரல் தண்டியில் ஒரு பட்டக் கிளை இருந்தது என்பது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. அதன் நிறம்கூடத் தெரிகிற மாதிரி இருந்தது. சாம்பல் நிறம், மேலே கொஞ்சம் பாசி.

அரத்தைத் தள்ளினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். இன்னொரு தள்ளு. தகட்டுக்குச் சமமாக வந்தது. அடுத்த மூக்கு. அதற்கடுத்தது. சதீஷ் அவள் வேகத்துக்கு ஏற்பச் செயினை நகர்த்திக் கொடுத்தான். ஏலச்செடிக்குள் ஏதோ ஒரு பறவை மட்டும் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. வலது பக்கம் முடித்து, கட்டையைச் சுற்றி வந்து உட்கார்ந்து இடது பக்கம் பிடித்தாள். எங்கேயும் அவள் கை அளவுக்குக் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கடைசி மூக்கும் முடிந்ததும் செயினை எண்ணெயில் நனைத்துத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நான் லிஜி சேச்சி வீட்டுக்குப் போறேன்," என்றாள். "மேல ஏறுனதும் பட்டதப் பாருங்க."

"பாக்குறேன்."

"இலையத் தூக்கிப் பாருங்க."

"பாக்குறேன் தாயே."

அவன் செயினை மாட்டி, இறுக்கம் பார்த்து, மெஷினைக் கயிற்றில் கட்டிவிட்டு ஏறினான். அவள் வைஸைப் பிடுங்கி, அரங்களை நிதானமாகத் துடைத்து, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்துப் பத்தடி போனாள். பின்னால் மெஷின் உயிர் பிடிக்கிற சத்தம். நின்றாள். திரும்பி வந்தாள்.

மேல் கவட்டை வழியாகப் பெரிய கிளைக்கு வடம் கட்டியாகிவிட்டது. அதன் மறுமுனையைச் சின்னமுத்து பக்கத்து மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்து நின்றான். சதீஷ் வாளைக் கிளையில் வைத்தான். அமுக்கவில்லை. வைத்தான், அவ்வளவுதான். செயின் தன் பாட்டுக்கு மரத்துக்குள் இறங்கியது. அவன் முதுகு வளையாமல் நேராக இருந்தது.

"ஆத்தாடி," என்று சின்னமுத்து முனகினான். "நான் இன்னும் காலையே ஊனல, அதுக்குள்ள முக்கால் பாகம் போயிருச்சு. மதினி, வடத்து வாலப் பிடிங்க! வெரசா!"

அவள் பையைப் போட்டுவிட்டு வடத்தின் வாலைப் பிடித்தாள். ஈரமும் மண்ணுமாக இருந்தது. கிளை முறிந்தது. சத்தத்துக்கு முன்னால் பாரம் வந்தது. வடம் விறைத்து, உள்ளங்கையைச் சுட்டு, அவளை ஒரு எட்டு முன்னால் இழுத்தது. குதிகாலை மண்ணில் அழுத்தி நின்றாள். மேலே மெஷின் நின்றுவிட்டது. அத்தனை பெரிய கிளை, இலையும் காயுமாக, ஏலச்செடிகளுக்கு மேலே காற்றில் தொங்கி ஆடியது.

"இறுக்கிப் பிடிக்காதீக. கொஞ்சம் விடுங்க மதினி."

அவள் கொஞ்சம் விட்டாள்.

"இன்னும் கொஞ்சம்."

"போதுமா?"

"நீங்க கெளையப் பாருங்க, என்னையப் பாக்காதீக. விடுங்க. இன்னும். அப்பிடித்தான்."

மேலே கவட்டையில் உட்கார்ந்து சதீஷ் பார்த்துக்கொண்டிருந்தான். கிளை சுற்றிச் சுற்றி இறங்கி, இரண்டு ஏலத்தூர்களுக்கு நடுவில் மெல்ல மண்ணைத் தொட்டது. வடம் தளர்ந்தது. அடுத்த கிளைக்காக மாரீஸ்வரி அதை இழுத்துச் சுருட்டத் தொடங்கினாள்.